மூச்சும் மூலிகையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் குழித்தறி மிதிக்கும் நெசவாளருக்கும், குனிந்து களையெடுக்கும் குடியானவருக்கும் மாலையில் வரும் இடுப்புவலி பொதுவானது. இதற்கு நாம் நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க எளிய முறையொன்று உண்டு.

வேலியோரத்து நொச்சித் தழையை வதக்கித் துணியில் முடிந்து, சூடு தாளுமளவு பார்த்து ஒற்றடம் இடுவோம். பின்னர் நிமிர்ந்தமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெதுவாக விடுவோம். உயிர்மூச்சைச் சித்தர்கள் வாசி என்றனர். திருமூலரும் திருமந்திரத்தில் மூச்சுப் பயிற்சியை விரித்துரைத்துள்ளார். ஒற்றடத்தின் சூடு இறுகிய தசையைத் தளர்த்தும். நெடுமூச்சு உள்ளத்தை அமைதியுறச் செய்யும்.

இவ்விரண்டின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். கால் மரத்துப்போயினும், நெஞ்சு வலிப்பினும், பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்தபின் மயக்கமுறினும், ஒற்றடத்தில் காலங்கடத்தாது உடனே மருத்துவமனைக்குச் செல்வோமாக. அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் வீட்டாருக்கும் எடுத்துரைப்பார்களாக.