நின்றுபோகும் வண்டி, நிற்காத தவணை: ஷோரூம் கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: என் ஊர் ஒடுகத்தூர். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஆம்பூர் ஷோரூமில் கடன் போட்டு மின் ஸ்கூட்டர் எடுத்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் காட்டும்போதே நடுரோட்டில் அணைந்துவிடுகிறது. மாதனூர் தாண்டுவதற்குள் நின்று, ஷிப்டுக்குத் தாமதமாகி, சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டேன். "சரியாகிடுச்சும்மா" என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். ஷோரூமில் கேட்டால் ஸ்கூட்டர் கம்பெனியைக் கை காட்டுகிறார்கள்; கம்பெனிக்குப் போன் செய்தால் ஷோரூமைக் கேட்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்கு என் கணவர் அதில் காய்கறி கொண்டுபோய் விற்பதால், "வியாபார வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது" என்றும் சொல்கிறார்கள். புது வண்டி கேட்கலாமா சார்? தவணையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: தவணையை நிறுத்தாதீர்கள் அம்மா. கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்தோடு போட்டது. வண்டியின் பழுது அவர்களைக் கட்டுப்படுத்தாது. இரண்டு மூன்று தவணை நின்றால் வண்டியை எடுத்துப் போய்விடுவார்கள். உங்கள் வழக்குக்கு முதல் சாட்சியே அந்த வண்டிதான். தவணை தாங்க முடியாத சுமையென்றால், வழக்குப் போட்ட பிறகு இடைக்கால உத்தரவு கேட்க நுகர்வோர் ஆணையத்தில் வழி இருக்கிறது.

2022 ஏப்ரலில் ஆம்பூர் பைபாஸில் ஒரு பிசியோதெரபி மருத்துவர் தன் ஓலா ஸ்கூட்டரைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியது உங்கள் கம்பெனியிலும் பேச்சாக இருந்திருக்கும். வழியில் நின்றுபோன வண்டியோடு தவிப்பவரின் ஆத்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எரிந்த வண்டியை எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்ப முடியாது.

புது வண்டி கேட்கலாமா என்பதற்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 39-வது பிரிவு, பழுதை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், வட்டியோடு விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் புது வண்டி கிடைத்துவிடாது. மாருதி நிறுவனத்துக்கும் சுஷீல் குமார் கப்கோத்ராவுக்கும் நடந்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் வாரண்டியின் கடமை, கிளட்ச் கோளாறுக்கு முழு காரையும் மாற்றச் சொன்னது சரியல்ல என்றது. இதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவார். நமக்குக் கைகொடுப்பது 2010-ல் வந்த அனந்தராம் – ஃபியட் தீர்ப்பு. சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து, உற்பத்தியிலேயே குறை என்று சொன்னால் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே புகார் மனுவோடு சேர்த்தே, 38-வது பிரிவின்படி வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம்.

நிபுணர் வருவதற்கு முன் பேசப்போவது உங்கள் கையில் உள்ள காகிதம். இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஐந்து முறை விட்டீர்கள். ஐந்துக்கும் ஜாப் கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் நகல் கேட்டு எழுதுங்கள். வாட்ஸப் செய்தி, போன் அழைப்புப் பட்டியல், செயலியில் பதிவான ஓட்டம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இனி வண்டியை விடும்போது, "பாதி சார்ஜில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது" என்று நீங்கள் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் செய்யுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி நின்றதும் மீட்டரில் சார்ஜும் கிலோமீட்டரும் தெரிய வீடியோ எடுங்கள். சம்பளம் பிடித்த சீட்டு இழப்பீட்டுக்குச் சான்று.

சந்தைக்குக் காய்கறி கொண்டுபோவதைச் சொல்லி மிரட்டுவது எனக்குக் கோபம் மூட்டுகிறது. நீங்கள் வேலைக்குப் போகத்தான் வண்டி வாங்கினீர்கள். அப்படியே கணவரின் விற்பனைக்கென்று வாங்கியிருந்தாலும், சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. லாரி லாரியாக வாங்கி வாடகைக்கு விடுபவர்களுக்கான விதிவிலக்கை உங்கள் மேல் போட முடியாது.

ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். 2021-ல் டாடா மோட்டார்ஸ் – அந்தோனியோ வாஸ் வழக்கில், டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாவிட்டால் அவர் தலையில் கட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அதனால் பேட்டரிக் குறைக்குக் கம்பெனி, சர்வீஸ் குறைபாட்டுக்கு ஷோரூம் என்று பிரித்து எழுத வேண்டும். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் எழுத்துப் புகார் போயிருக்க வேண்டும்.

2019-ல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது; ஒடுகத்தூர் வேலூரில்தான் இருக்கிறது. கவலை வேண்டாம். குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34-வது பிரிவு சொல்வதால், வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். வண்டிக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிந்து பாருங்கள். சில நேரம் அதிலேயே பேட்டரியை மாற்றித் தந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வண்டி சூடேறுகிறதா, சார்ஜ் போடும்போது வாடை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதமே அதைத் தயாரித்த ஒகினாவா நிறுவனம் பேட்டரியைச் சோதிக்க 3,215 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தது. அப்படி அறிகுறி இருந்தால் வீட்டுக்குள் சார்ஜ் போடாதீர்கள். வண்டியை ஷோரூமிலேயே விட்டு, தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். குறையுள்ள பொருளால் உயிருக்கோ உடலுக்கோ வீட்டுக்கோ சேதம் நேர்ந்தால், அதற்கான பொறுப்பு இதே சட்டத்தின் 6-வது அத்தியாயத்தில் தனியாக உண்டு.

புகார் செய்யும் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். ஒரு நகலையும் தபால் ரசீதையும் கோப்பில் வையுங்கள். பதில் வராவிட்டால் மனுவோடு முதலில் சேரப்போவது அவைதான்.