அப்பாவின் அரை மணி நடை

(10-ஆம் வகுப்பு மாணவி)

நடப்பது உடலுக்கு நல்லது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் நடக்கும்போது எத்தனை கலோரி செலவாகிறது என்பதை நாமே கணக்கிட முடியுமா? முடியும். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். இக்கணக்கை நான் ஏன் கற்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்பவர். சென்ற ஆண்டு அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மாத்திரையோடு நாள்தோறும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். தீபாவளி விடுமுறைக்குச் சென்னையில் உள்ள சித்தப்பா வீட்டிற்குப் போயிருந்தோம். அங்கே டிரெட்மில் இருந்தது. அப்பா அதில் அரை மணி நடந்தார். கருவி 147 கலோரி என்று காட்டியது.

"ஒரு இட்லிக்கு அறுபது கலோரி என்றாயே, அம்மா! இரண்டரை இட்லி கரைந்துபோயிற்று!" என்று அப்பா மகிழ்ந்தார். ஊர் திரும்பிய பின்னும் அதே கணக்குத்தான். நடந்த அன்றெல்லாம் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். சில நாள் இனிப்பும் சேர்ந்தது. அடுத்த முறை இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, ஏறியிருந்தது. அம்மா கண் கலங்கினார். கருவி சொன்னது சரியா என்று எனக்கு ஐயம் எழுந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் கற்றுத் தந்ததே கீழே வருவது.

கலோரி என்பது என்ன?

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றலையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். நம் உடலும் அடுப்பைப் போல உணவை ஆக்சிஜனுடன் சேர்த்து எரித்தே ஆற்றல் பெறுகிறது. 1790-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியர், மனிதன் வேலை செய்யும்போது கூடுதலாக ஆக்சிஜனைச் செலவிடுகிறான் என்று சோதித்துக் காட்டினார். அச்சோதனைகளைப் படமாக வரைந்து வைத்தவர் அவருடைய மனைவி மரி ஆன் என்பது நமக்குப் பெருமை. ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 5 கலோரி செலவாகிறது.

கணக்கிடும் முறை

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தினர் நடைக்கு ஒரு சூத்திரம் தந்துள்ளனர். சமதரையில் நடப்பவர் தம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவிடுகிறார் என்பதை அது கூறும். நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் நடக்கிறோமோ அதை 0.1 ஆல் பெருக்கி, 3.5 கூட்ட வேண்டும். இந்த 3.5 நாம் சும்மா இருந்தாலும் செலவாவது.

அப்பாவின் பத்து அடிகளை டேப்பால் அளந்தேன். 7 மீட்டர் இருந்தது. நிமிடத்திற்கு 114 அடி வைத்தார். ஆகவே வேகம் ஏறத்தாழ 80 மீட்டர், அதாவது மணிக்கு 4.8 கிலோமீட்டர். டிரெட்மில்லில் அவர் நடந்ததும் இதே வேகந்தான்.

80 × 0.1 + 3.5 = 11.5
அப்பாவின் எடை 52 கிலோ: 11.5 × 52 = 598 மில்லிலிட்டர்
0.598 லிட்டர் × 5 = 2.99 கலோரி
30 நிமிடத்திற்கு: ஏறத்தாழ 90 கலோரி

அப்படியானால் கருவி 147 என்று ஏன் காட்டியது? சித்தப்பாவின் எடை 85 கிலோ. அவர் தம் எடையைக் கருவியில் பதிந்து வைத்திருந்தார். 52-க்குப் பதில் 85 போட்டுப் பாருங்கள். அதே 147 வரும்! கருவி அப்பாவை அளக்கவில்லை, சித்தப்பாவைக் கணக்கிட்டது.

இன்னும் ஒன்று. அந்த அரை மணி அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் 27 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையால் மட்டும் செலவானது 63. இரண்டரை இட்லி அன்று, ஒரே ஒரு இட்லி! இதுவும் தோராயமே, ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

தறி மிதிப்பது நடையாகுமா?

இதைக் கேட்டதும் அப்பாவின் முகம் வாடியது. "நாள் முழுக்கத் தறி மிதிக்கிறேனே, அது நடை ஆகாதா?" என்றார். குழித்தறியில் நெய்பவர் கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். அது கடும் உழைப்பே. ஆனால் உடலின் எடையைப் பலகை தாங்கிக்கொள்கிறது. நடக்கும்போதோ ஒவ்வோர் அடிக்கும் முழு எடையையும் கால்கள் சுமக்கின்றன. அதனால்தான் சூத்திரத்தில் எடை வருகிறது. டிரெட்மில்லின் முன்னோடியும் இப்படி எடையைச் சுமக்க வைத்ததே. 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர் சிறைச்சாலைக்கென அமைத்த சக்கரத்தில், கைதிகள் படியேறுவது போல ஓயாமல் ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. அன்று தண்டனை, இன்று மருந்து!

நடையின் உண்மைப் பயன்

ஒரு இட்லிக்காகவா நடக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவிடுகின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் நடை உதவுகிறது. இந்தப் பயன் கருவியின் கலோரிக் கணக்கில் வராது. பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறிவிடும்.

இப்போது அப்பா இரவு உணவுக்குப் பின் என்னுடன் நடக்கிறார். கூடுதல் இட்லியை நிறுத்திவிட்டார். சென்ற மாதச் சோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. அம்மா அந்தச் சீட்டை மடித்துச் சாமி படத்தின் பின்னே வைத்திருக்கிறார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எடையையும் வேகத்தையும் கொண்டு இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். போட்டு முடித்ததும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் புறப்படுங்கள்.