அமெரிக்கச் சாமானை நம் வீட்டில் செருகுமுன்

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிள்ளைகள் ஆசையாக வாங்கி வந்த பிளெண்டரும் இன்ஸ்டன்ட் பாட்டும் வந்த அன்றே புகைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன மாற்று பிளக்தான். அது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் துளியும் குறைக்காது. சூடாக்கும் சாமானுக்கு வோல்ட் இரு மடங்கானால் வெப்பம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். 1000 வாட் காயில் 3600 வாட்டுக்கு மேல் இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சிங்கப்பூர், துபாய், லண்டன், கொழும்பிலிருந்து வந்த சாமான்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கும் நம் வோல்ட்தான், மாற்று பிளக்கே போதும். இனி சொல்வதெல்லாம் அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவற்றுக்கு.

1. லேபிளைப் படியுங்கள்

சாமானின் அடியிலோ அடாப்டரின் முதுகிலோ ‘இன்புட்’ என்ற வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் மாற்று பிளக் போட்டுச் செருகலாம். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். ‘பக்கத்து வீட்டில் இதே மாடல் நன்றாக ஓடுகிறது’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வோல்ட்டில் விற்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் சாமானின் லேபிள் சொல்வதே கணக்கு.

2. அமெரிக்க ஸ்பைக் கார்டை ஒதுக்குங்கள்

சார்ஜர்கள் எல்லாம் 240 வரை தாங்குமே என்று அங்கே வாங்கிய நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியை இங்கே செருகுபவர்கள் பலர். அதற்குள் இருக்கும் மின்தடுப்பு 120 வோல்ட்டுக்கானது. 230 வந்ததும் அதுவே சூடேறி எரியும். இங்கே ஒன்று வாங்குங்கள்.

3. சரியான டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்தெடுங்கள்

சறுக்குவது இங்கேதான்.

உள்ளங்கையில் அடங்கும், ‘1600 வாட்’ என்று போட்ட பயணக் கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். அது மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டித் தருகிறது. டிஸ்பிளேயோ சர்க்யூட் போர்டோ இல்லாத வெறும் காயில் சாமானுக்கு மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்குத்தான் அது உதவும். இன்ஸ்டன்ட் பாட்டை அதில் மாட்டினால் போர்டு போய்விடும். நமக்கு வேண்டியது இரும்புக் கோரும் செம்புக் காயிலும் உள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கையில் தூக்கிப் பாருங்கள். 1500 வாட் என்று சொல்லும் பெட்டி கனக்காவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவுக்கு வருவோம். லேபிளில் வாட் இல்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குங்கள். சூடாக்கும் சாமானுக்கு அதற்கு மேல் கால் பங்காவது கூட்டுங்கள். 1000 வாட் இன்ஸ்டன்ட் பாட்டுக்கு 1500 என் கணக்கு. மோட்டார் உள்ளவை கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதனால் இரு மடங்குக்குக் குறையக் கூடாது. 500 வாட் பிளெண்டருக்கு 1000 வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் ‘மேக்ஸிமம்’ எண் வேண்டாம். தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடிமேடாகவே கிடைக்கும். மற்ற ஊர்களில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்டும் கடையில் சொல்லிச் செய்யலாம். மூன்றை வற்புறுத்துங்கள்:

- அலுமினியம் வேண்டாம், செம்பு வைண்டிங்.
- உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனிக் காயில். ஒரே காயிலில் கட்டும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை குறைவுதான். ஆனால் அதன் பொதுப் பகுதி அறுந்தால் முழு 230 வோல்ட்டும் நேராகச் சாமானுக்குப் போய்விடும்.
- வெளியே 120 அல்ல, 110 வோல்ட். இரவில் லைன் 250க்கு ஏறினால் 110 என்பது தானாகவே 120 ஆகும். 120 என்று கட்டினால் அது 130ஐத் தொடும்.

ஜப்பான் சாமான் என்றால் 100 வோல்ட் என்று தனியாகச் சொல்லிக் கட்டுங்கள்.

4. பெட்டியில் அமெரிக்க சாக்கெட்தான் இருக்க வேண்டும்

தட்டைப் பின்னை வெட்டிவிட்டு நம் மூன்று பின் பிளக்கை மாட்டித் தர எலக்ட்ரீஷியன்கள் தயங்குவதில்லை. விடாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அம்மாவோ வேலைக்கு வரும் அக்காவோ அதை நேராகச் சுவரில் செருகிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. பின் பொருந்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அந்தச் சின்ன மாற்று பிளக்கையும் சமையலறையில் விட்டுவைக்காதீர்கள்.

5. இணைக்கும் வரிசை

1500 வாட் பெட்டி முழுச் சுமையில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் பாயின்ட் போதாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டுங்கள். சாமானை மாட்டும் முன் மல்டிமீட்டரால் வெளியே வரும் வோல்ட்டைப் பாருங்கள். 105 முதல் 125 வரை இருந்தால் சரி. முதலில் பெட்டி, பிறகு சாமான். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணையுங்கள். சும்மா இருந்தாலும் பெட்டி மின்சாரம் தின்னும், சூடேறும்.

6. ஹெர்ட்ஸ் மாறாது

எந்த டிரான்ஸ்ஃபார்மரும் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. காயில் சாமானும், கார்பன் பிரஷ் மோட்டார் உள்ள பிளெண்டர், டிரில் போன்றவையும் இதைப் பொருட்படுத்தா. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் ஆகியவற்றில் மோட்டாரோ உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ அளவுக்கு மீறிச் சூடாகும். அவற்றைக் கொண்டுவரவே வேண்டாம்.

ஹேர் டிரையரையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கே பரவலாக விற்பது 1875 வாட். அதற்கு 2500 வாட் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியின் விலைக்கு இங்கே நல்ல டிரையரே வாங்கிவிடலாம். இன்னும் ஊருக்குக் கிளம்பாதவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: கடையிலேயே அட்டைப்பெட்டியைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 100–240 என்று இல்லாத எதையும், அம்மா கேட்டிருந்தாலும், வாங்காதீர்கள். அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அவரைக் கடைக்கு அழைத்துப்போய், அவர் கைக்குப் பழகிய மிக்சியையே வாங்கிக் கொடுங்கள்.