தறியேறும் தம்பிக்கு



காஞ்சிபுரத்து வீட்டில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் அதைத் தூக்கும் மோட்டாரும் பூட்டியாயிற்று என்றும், மிதித்து மிதித்து முழங்கால் தேயும் உபத்திரவம் ஒழிந்ததென்றும் எழுதியிருந்தாய். பரம சந்தோஷம். ஆனால் மிச்சமான நேரமும் தெம்பும் யாருடைய கணக்கில் வரவாகின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1733இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த விசைநாடாவை நம் ஜில்லாக்களில் பரப்புவதற்காக, ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்திலே சர்க்கார் செலவில் ஒரு நெசவுச்சாலையே நடத்திப் பார்த்தார். நம்மவர்களோ நாடாவை எடுத்துக்கொண்டு சாலையை விட்டுவிட்டார்கள். நேரங்குறித்து வந்து போகும் வாழ்வைவிட, பெண்டு பிள்ளைகள் பாவுக்குக் கஞ்சி போட உடனிருக்கும் வீட்டுத் தறியே மேலென்று எண்ணினார்கள். அதை மூடத்தனம் என்பாருண்டு. எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. ஆயினும் அது அரைச் சுதந்திரந்தான், ஏனெனில் நூலும் முன்பணமும் கொடுத்தவரே கூலியையும் நிர்ணயித்தார்.

கோர்வைச் சேலைக்குக் கரை நாடா எறிகிற பிள்ளையாக நான் உட்கார்ந்த காலத்தில், என் தகப்பனார் அறுத்த சேலையை முதலாளி வீட்டுத் திண்ணையில் வைத்து, தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். கொடுத்த பட்டுக்குக் கால் பலம் குறைந்தாலும் கூலியில் கழிவு. கழிவு ஏறுவது ஒரு நோட்டில். அந்த நோட்டை நாங்கள் ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. பின்னாளில், 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத் தொழிலுக்கு விலக்களித்துவிட்டமையால், என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அது எட்டவேயில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் கூலி விகிதத்தை எழுத்திலே கண்டோம். 1935இல் ஏற்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நம் சங்கங்களின் சரக்கை விற்றுக் கொடுத்தது. சங்கம் தெய்வமல்ல, சரக்குத் தேங்கினால் வாரக்கணக்கில் பாவு கிடைக்காமல் தறி சும்மா கிடந்ததையும், நிர்வாகஸ்தர்களின் உறவினருக்கு மட்டும் பாவு தப்பாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம், கேட்டோம்; திண்ணையில் அது நடவாத காரியம்.

உன் மோட்டார் யார் பணத்தில் வந்தது? முதலாளியின் முன்பணத்தில் என்றால், அடுத்த சேலையைக் கொண்டுபோகும்போது நோட்டைக் கேட்டு வாங்கி, எடை, கழிவு, கூலி, மோட்டாருக்குப் பிடித்தது எல்லாவற்றையும் உன் கையாலேயே பெயர்த்தெழுதி எனக்கு அனுப்பு. நோட்டைக் காட்ட மறுத்தால் அதையும் எழுது.