அவை நடத்தும் முறை: பாராளுமன்ற மரபும் நம் சங்கக் கூட்டங்களும்

முன்னுரை

கூடி வாழ்தல் மாந்தர்தம் இயல்பு. கூடிய இடத்துக் கருத்து வேறுபடுதலும் இயல்பே. வேறுபட்ட கருத்தினர் பகையின்றி ஒரு முடிவுக்கு வருவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு உலகம் கண்ட விடைகளுள் சிறந்தது, பாராளுமன்ற மரபு எனப்படும் அவை நடத்தும் முறையாகும். இது தில்லியிலும் சென்னையிலும் சட்டம் இயற்றுவோர்க்கே உரியது எனக் கருதுவோர் பலர். அஃது அவ்வாறன்று. கல்லூரித் தமிழ் மன்றம், முன்னாள் மாணவர் சங்கம், ஊர் ஜமாஅத், கூட்டுறவுச் சங்கம் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்துவதேயாம். பலர் சேர்ந்து முடிவு செய்யவும், அம்முடிவை ஏற்காத சிலர் தம் கருத்தைக் குறைவறச் சொல்லவும் ஒருங்கே வழி செய்வது இம்முறையின் உயிர்நிலை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்து அவை மரபு

அவை என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை என ஈரதிகாரங்கள் வகுத்துள்ளார். அவை சொல்வோன் ஒழுக்கத்தைக் கூறுவன. அவையின் நடைமுறையை எழுத்தில் பொறித்து வைத்த சான்று உத்தரமேரூர்க் கல்வெட்டுகளாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் பின்னர்த் தகுதி இழந்தனர். அது நிலமுடைய பிராமணரின் சபையேயன்றி ஊரார் அனைவரின் சபையன்று என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் விதியை முன்கூட்டியே வகுத்து, அதனை அனைவரும் காணக் கல்லில் பொறித்தமை போற்றத்தக்கது. ஆளுக்கேற்ப விதி மாறாமைக்கு அஃதொன்றே காப்பு.

மேலைநாட்டு விதி நூல்கள்

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் நடைமுறைகளைத் தொகுத்து எர்ஸ்கின் மே என்பார் 1844இல் நூல் வெளியிட்டார். பொதுச் சங்கங்களுக்கென எளிய நூல் செய்தவர் அமெரிக்கப் படைப் பொறியாளரான ஹென்றி மார்ட்டின் ராபர்ட் ஆவார். 1863இல் நியூ பெட்போர்டு நகரில் ஒரு தேவாலயக் கூட்டத்திற்குத் தலைமை தாங்குமாறு அவர் பணிக்கப்பெற்றார். கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. அதன்பின் அவை நடத்தும் முறையைப் பயின்று, 1876இல் தம் விதி நூலை வெளியிட்டார். அதன் பன்னிரண்டாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. இன்றும் உலகின் பல சங்கங்கள் அதனைப் பின்பற்றுகின்றன.

தீர்மானம் நிறைவேறும் முறை

கூட்டத்திற்கு முன்னரே அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும் உறுப்பினர்க்குச் சென்றிருத்தல் வேண்டும். கூட்டம் தொடங்கக் குறைந்த அளவு இத்துணைப் பேர் வந்திருத்தல் வேண்டும் என்பதே குறைவெண் வரம்பு. பேச்சு வழக்கில் இதனைக் கோரம் என்பர். நம் நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவைக்கும் இது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு என அரசியலமைப்பின் 100ஆம் உறுப்புக் கூறுகிறது. வந்த நால்வர் வாராத நானூற்றுவர்க்காக முடிவு செய்துவிடாமல் தடுப்பதே இதன் பயன்.

ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிவார். வழிமொழிவார் இல்லையேல் அது விவாதத்திற்கு வாராது. தலைவர் அதனை அவைக்குப் படித்துக் காட்டிய பின்னரே விவாதம் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு பொருளே பேசப்படும். எவரும் தலைவரை விளித்தே பேசுவர். எதிர்ப்பவரை நேர்முகமாக விளிக்காமையால் சொற்போர் ஆட்போராக மாறாது. ஒரு முறையும் பேசாதவர் பேச விரும்பி நிற்க, ஒருவர் இரண்டாம் முறை பேசுதல் கூடாது என்பது ராபர்ட் வகுத்த விதி. நாவன்மை உடையாரே அவையை ஆளாமல், கூச்சமுடையாரும் பேச இடம் தருவது இவ்விதி.

திருத்தம் பற்றி மாணவர் தெளிவுறல் வேண்டும். மன்ற நூலகத்திற்கு 10,000 ரூபாய்க்கு நூல் வாங்கலாம் என்பது தீர்மானம் எனக் கொள்வோம். 10,000 என்பதை 15,000 என மாற்றுக என்பது திருத்தம். முதலில் திருத்தமே வாக்கெடுப்புக்கு விடப்படும். அது வென்றால் தீர்மானம் திருத்திய வடிவிலும், தோற்றால் பழைய வடிவிலும் வாக்கெடுப்புக்கு வரும். திருத்தம் வென்றதனாலேயே தீர்மானம் நிறைவேறியதாகாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் எழும் பூசல்கள் பலவாம்.

விதி மீறப்படுவதைக் காணும் உறுப்பினர் எவரும் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பலாம். அதற்கு வழிமொழிவார் வேண்டுவதில்லை. தலைவர் அதன்மேல் தீர்ப்பு வழங்கிய பின்னரே அவை மேற்செல்லும்.

தலைவரும் செயலாளரும்

தலைவர் துலாக்கோல் போல்வார். ஒரு பொருளில் தாமே வாதிட விரும்பின், அப்பொருள் முடியும்வரை இருக்கையை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வாதிடுதல் முறையாகும். மக்களவைத் தலைவர் முதற்கண் வாக்களிப்பதில்லை. இரு பக்கமும் வாக்குகள் சமமாகும்போது மட்டுமே வாக்களிப்பார்.

செயலாளர் எழுதும் நடவடிக்கைக் குறிப்பில், யார் என்ன பேசினார் என்பதினும் அவை என்ன செய்தது என்பதே இடம்பெறல் வேண்டும். தீர்மானத்தின் சொற்கள், முன்மொழிந்தவர், வாக்கெடுப்பின் முடிவு ஆகியன போதும். அடுத்த கூட்டத்தில் அதனைப் படித்து ஒப்புதல் பெறுதல் இன்றியமையாதது.

இரு சான்றுகள்

நம் அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9ஆம் நாள் முதன்முதல் கூடியது. அரசியலமைப்பு வரைவின்மீது 7,635 திருத்தங்கள் அளிக்கப்பெற்றன என்றும், அவற்றுள் 2,473 அவையில் முன்மொழியப்பட்டு முடிவு காணப்பெற்றன என்றும் டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் எடுத்துரைத்தார். அவற்றுள் ஒன்றை ஈண்டு நோக்குவோம். பொது உரிமையியல் சட்டம் பற்றிய உறுப்பு 1948 நவம்பர் 23இல் விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமுதாயமும் தன் தனிச்சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது எனக் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு அவர்கள் ஒரு திருத்தம் கொணர்ந்தார்கள். ஆதரித்தும் எதிர்த்தும் உறுப்பினர் பேசினர். முடிவில் திருத்தம் தோற்றது. எனினும் அவர்தம் சொற்கள் அவைக் குறிப்பில் நிலைத்தன. இன்றும் அப்பொருளை ஆராய்வோர் அவற்றைப் படிக்கின்றனர். அவர்களும் சபையைத் துறந்தாரல்லர். பின்னர் மாநிலங்களவையிலும் மக்களவையிலும் அமர்ந்து பணியாற்றினார்கள். தோற்ற கருத்துக்கும் மதிப்பளிப்பது முறையான அவை என்பதற்கு இது தக்க சான்று.

மற்றொன்று, 1999 ஏப்ரல் 17ஆம் நாள் மக்களவையில் நிகழ்ந்தது. வாஜ்பாய் அரசின்மீதான நம்பிக்கைத் தீர்மானத்தை 269 பேர் ஆதரித்தனர். 270 பேர் எதிர்த்தனர். ஒரே வாக்கில் ஓர் அரசு வீழ்ந்தது. பெருநாடொன்றின் ஆட்சி, படையும் பூசலுமின்றி ஓர் எண்ணிக்கைக்குப் பணிந்தது. முறையின் வலிமை அத்தகையது.

நம் கூட்டங்களின் நிலை

இனி, நம் சங்கங்களை நோக்குவோம். அறிவிப்பில் இல்லாத பொருள் இறுதி நேரத்தில் எழுப்பப்படுகிறது. மறுப்பு உண்டா எனக் கேளாமலே ஒருமனதாக நிறைவேறியது என எழுதப்படுகிறது. கேள்வி கேட்ட இளைஞர் மூத்தோரை அவமதித்தவராகக் கருதப்படுகிறார். அவர் அடுத்த கூட்டத்திற்கு வருவதில்லை. அடுத்த ஆண்டு அவர்தம் நண்பர்களும் வருவதில்லை. பின்னர் ஒரு சங்கம் இரண்டாகிறது. வழக்கு நீதிமன்றம் ஏறுகிறது. பிளவுக்குக் கருத்து வேறுபாடே காரணம் என்கிறோம். உண்மையில், தம் சொல் கேட்கப்படவில்லை என்னும் மனக்குறையே பெரும்பாலும் காரணமாகிறது. கேட்டபின் தோற்பதை மாந்தர் பொறுப்பர்; கேளாமல் ஒதுக்கப்படுவதைப் பொறார்.

விதிகள் மிகுந்தால் அன்பு குறையும் என்பாரும் உளர். விதியைக் கருவியாக்கி, சொற்புரட்டால் அவையை முடக்குவாரும் இல்லாமலில்லை. ஆயின் அது விதியின் குற்றமன்று. பதின்மர் அமரும் சிறு குழுவிற்கு நெகிழ்ச்சி வேண்டும்; நூற்றுவர் கூடும் பொதுக்குழுவிற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை ராபர்ட்டின் நூலும் ஏற்கிறது.

முடிவுரை

அவை நடத்தும் கலை கல்லூரியிலேயே பயிலத்தக்கது. தமிழ் மன்றக் கூட்டமொன்றில் தீர்மானம் முன்மொழியவும், திருத்தம் கொணரவும், தோற்றபின் முகம் வாடாது அமரவும் கற்ற மாணவர், நாளை ஊர்ப்பொறுப்பு ஏற்கையில் அப்பயிற்சியை உடன் கொண்டு செல்வர். ஆசிரியப் பெருமக்கள் அதற்கு வாய்ப்பளித்தல் வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் தம் சங்கத்தின் விதி நூலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொதுக்குழுவில் படிக்கச் செய்தல் வேண்டும். எதிர்ப்போர் எவரேனும் உளரோ எனத் தலைவர் கேட்டு, விடைக்குச் சற்றே காத்திருக்கும் வழக்கம் நம் அவைகள் அனைத்திலும் வேரூன்றுமாயின், நம் சங்கங்கள் நெடிது வாழும் என்பது திண்ணம்.