காப்பியும் அதன் பகைவரும்

புதியதோர் உணவு ஊருக்குள் நுழைந்தால் ஊர் இரண்டு படுகிறது. இளையோர் அதனை விரைந்து விரும்புகின்றனர். முதியோர் முகம் சுளிக்கின்றனர். இப்பிணக்கு நாவின் சுவை பற்றியது என்றே நாம் எண்ணுகிறோம். உற்று நோக்கினால், வழக்கு நாவோடு நிற்பதில்லை என்பது விளங்கும். நாம் நாள்தோறும் பருகும் காப்பியின் வரலாறே இதற்குச் சான்று.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் சிற்றூர்களில் பலருக்குக் காலையில் கிடைத்தது நீராகாரம். இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைப்பார்கள். விடிவதற்குள் அது மெல்லப் புளித்துவிடும். அந்நீரில் உப்பும் சிறிது மோரும் கலந்து பருகிவிட்டு, சோற்றைப் பச்சை மிளகாயோடும் சின்ன வெங்காயத்தோடும் உண்டு, உழவர் ஏர் பூட்டச் செல்வர். அதற்குத் தனிச் செலவு இல்லை. அடுப்பு மூட்டவும் வேண்டா. நம் நாட்டு வெயிலுக்கும் அது ஏற்றது.

இந்த நீராகாரத்தின் இடத்தில்தான் காப்பி வந்து அமர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்து வீடுகளில் நுழைந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றூர்களையும் எட்டிப் பார்த்தது. வந்ததும் எதிர்ப்பும் எழுந்தது. பாலும் சருக்கரையும் காப்பித்தூளும் வாங்கக் காசு வேண்டும். காலையிலேயே விறகு எரிக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் தலை வலிக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் இதற்கு அடிமையாகின்றனர். உடல் வலிமை குன்றுகிறது. வெள்ளையர் பழக்கம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இவ்வாறெல்லாம் அக்கால இதழ்கள் காப்பியைக் கடிந்து எழுதின. கள்ளுக்கு ஒப்பாக அதனை வைத்துப் பேசியவரும் உண்டு.

ஆனால் அயல்நாட்டுப் பொருள் என்று காப்பியை ஒதுக்கிய முதியவரின் கையில் இருந்த பச்சை மிளகாயும் அயல்நாட்டுப் பொருளே. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, போர்த்துகீசியரின் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது அது. நமக்கென்று இருந்த காரம் மிளகு. மிளகாய் முதன்முதல் வந்த நாளிலும் எவரேனும் ஒரு பாட்டி முகம் சுளித்திருப்பாள்.

காப்பியை எதிர்த்தவர்களுள் தமிழர் முதல்வர் அல்லர். ஏறக்குறைய இறுதியில் வந்தவர் என்றே சொல்லலாம். காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. செங்கடலுக்கு அப்பால் உள்ள ஏமன் நாட்டில், இரவு நெடுநேரம் விழித்திருந்து இறைவனை வழிபட்ட சூஃபித் துறவியர், உறக்கத்தை ஓட்ட 15ஆம் நூற்றாண்டில் இதனைப் பருகினர். அங்கிருந்து அது மெக்காவுக்குச் சென்றது. 1511ஆம் ஆண்டில் அந்நகரின் ஆட்சித் தலைவராய் இருந்த காயிர் பெக் என்பவர், மக்கள் இரவில் விளக்கொளியில் கூடி இதனைப் பருகுவதைக் கண்டு ஐயுற்றார். சட்டம் அறிந்தோரையும் மருத்துவரையும் கூட்டி ஆராய்ந்து, காப்பிக்குத் தடை விதித்தார்.

அந்த அவையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுவர். ஒருவர் எழுந்து, 'காப்பியும் மதுவைப் போன்றே மயக்கம் தருகிறது' என்றாராம். 'மது எவ்வாறு மயக்கும் என்பது உமக்கு எப்படித் தெரியும்?' என்று அவையோர் வினவினர். தாம் மதுவும் அருந்தியதுண்டு என்று அவர் ஒப்புக்கொள்ளவே, காப்பிக்கு எதிராகச் சான்று சொல்ல வந்தவருக்கே தண்டனை கிடைத்தது! தடையும் நெடுநாள் நிற்கவில்லை. கெய்ரோவில் இருந்த சுல்தானின் ஆணை அதனைத் தளர்த்திவிட்டது.

ஆட்சியாளர் அஞ்சியது காப்பியின் கசப்பைக் கண்டன்று. மது அருந்தியவர் மயங்கி உறங்கிவிடுவார். காப்பி அருந்தியவரோ விழித்திருந்து பேசுவார். பலர் ஓரிடத்தில் கூடிப் பேசினால் ஆட்சியைப் பற்றியும் பேச்சு எழும். இவ்வச்சத்தை இங்கிலாந்தில் தெளிவாகக் காணலாம். 1652ஆம் ஆண்டில் லண்டனில் முதற் காப்பிக்கடை திறக்கப்பட்டது. விரைவில் அவை பல்கின. வணிகரும் புலவரும் அறிவியலறிஞரும் அங்கே கூடினர். எட்வர்டு லாயிடு என்பவரின் காப்பிக்கடையில் கப்பல் வணிகர் கூடிப் பேசியதிலிருந்தே, இன்று உலகறிந்த லாயிட்சு காப்பீட்டுச் சந்தை தோன்றியது.

அந்நகரிலும் பகை எழுந்தது. 1674இல், பெண்கள் விடுத்த முறையீடு என்னும் பெயரில் ஒரு துண்டு நூல் வெளிவந்தது. கணவன்மார் வீடு மறந்து காப்பிக்கடையே கதியென்று கிடக்கின்றனர். வம்பளப்பில் பெண்களையும் வென்றுவிட்டனர் என்று அது எள்ளி நகையாடியது. மறு ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் மன்னர் இரண்டாம் சார்லசு, காப்பிக்கடைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டார். சோம்பேறிகளும் அரசுக்கு ஆகாதவரும் அங்கே கூடிப் பொய்ச் செய்தி பரப்புகின்றனர் என்பது அவர் கூறிய காரணம். 1676 சனவரி 10ஆம் நாள் முதல் கடைகள் மூடப்பட வேண்டும். மக்களின் எதிர்ப்பு ஓங்கியதால், அந்நாள் வருமுன்னரே மன்னர் தம் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முடியரசு ஒன்று காப்பிக் கிண்ணத்திடம் தோற்றது.

பிரசிய நாட்டு மன்னர் பிரடெரிக்கின் கவலை வேறு. அவர் நாட்டில் காப்பி விளைவதில்லை. அதனை வாங்கப் பணம் வெளிநாட்டுக்குச் சென்றது. எனவே 1777இல், தாமும் தம் முன்னோரும் பீர் குடித்து வளர்ந்தவர்கள், குடிகளும் அதனையே குடித்தல் வேண்டும் என்று அவர் அறிவித்தார். சில ஆண்டுகளில் காப்பிக் கொட்டை வறுக்கும் உரிமையையே அரசு எடுத்துக்கொண்டது. கள்ளத்தனமாக வறுப்பவரைக் கண்டுபிடிக்க முன்னாள் போர்வீரர்கள் அமர்த்தப்பட்டனர். தெருத்தெருவாகச் சென்று மோப்பம் பிடிப்பதே அவர்கள் பணி. விலையேற்றத்தைத் தாங்க முடியாத மக்கள் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துப் பயன்படுத்தலாயினர். இன்று நம் வடிகட்டிக் காப்பியில் கலக்கப்படும் சிக்கரியும் அதுவே. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது இந்நாளைய இந்திய விதி. வாங்கும்போது உறையின்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பாபா புதன் என்னும் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்று வழிவழியாகக் கூறுவர். 1820களில் சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையிலும் காப்பிச் செடி ஊன்றப்பட்டது. நம் மலையிலேயே விளைந்தும் நம் முன்னோர் அதனைப் பழித்தார்கள் எனின், அவர்கள் கூறிய காரணங்கள் யாவும் பொய்யோ? அவ்வாறு தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காப்பி கொடுக்கலாகாது என்றனர், அது சரி. காப்பியில் உள்ள காஃபீன் என்னும் பொருள் உறக்கத்தைக் கெடுக்கும். வளர்ந்தவர் உடலிலும் அதில் ஒரு பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். உணவோடு சேர்த்துப் பருகினால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதும் குறையும். கூலியில் ஒரு பகுதி காலைக் காப்பிக்கே போகிறது என்று வருந்திய தாயின் கணக்கும் பொய்க்கணக்கு அன்று. காந்தியடிகளும், உடல்நலம் பற்றி 1942இல் சிறையிலிருந்து எழுதிய நூலில், தேநீரும் காப்பியும் கொக்கோவும் உடலுக்குத் தேவையில்லை என்றே கூறினார். தாம் முன்பு பருகிப் பார்த்து விட்டொழித்தவை பற்றியே அவர் அவ்வாறு எழுதினார்.

ஆயினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. காப்பியின் கேட்டைப் பற்றி அத்தனை பேர் எழுதினர். காப்பிக்கடையில் நிகழ்ந்த கேட்டைப் பற்றி எழுதியவர் சிலரே. அக்கடைகள் பலவற்றில் இன்ன சாதியார்க்கு இன்ன இடம் என்று பலகை தொங்கியது. உள்ளே அமர்ந்து பருக ஒரு கூட்டத்தார்க்கே உரிமை. மற்றொரு கூட்டத்தார் வெளியே நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிக் குவளை. குடித்து முடித்ததும் அவர்களே அதனைக் கழுவி வைக்க வேண்டும். குவளைக்குள் இருந்த காப்பி ஒன்றே, குவளைதான் இரண்டு. இதனை எதிர்த்துப் போராடியவர்களின் முயற்சியாலும், உணவு விடுதிகளில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தாலும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தாலும் அப்பலகைகள் இறங்கின. சட்டம் வந்த பின்னரும் சில ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை நீடித்தது. உடம்புக்குக் கேடு என்று காப்பியை வெறுத்தவர், இதனையும் ஒரு முறை வெறுத்திருக்கலாம்.

நீராகாரம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது அழிந்துவிடவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பின்னர், கம்பங்கூழுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் நகரத்தில் புதுமதிப்பு வந்துள்ளது. அவற்றோடு பழைய சோறும் மண்கலயத்தில் ஏறி, பெரிய விடுதிகளின் உணவுப் பட்டியலில் இடம்பெறுகிறது. விலையைக் கண்ட முதியோர், 'பழைய சோற்றுக்கா இவ்வளவு!' என்று சினந்து எழுந்து, எதிர்க்கடைக்குக் காப்பி குடிக்கச் செல்கின்றனர்.