திரைவாசிப்பானும் இசைப்பதிவும்

இசை செவிக்குரியது என்பதை யாவரும் அறிவர். ஆகலின், கட்பார்வை இல்லார்க்கும் இசைத்தொழில் தடையின்றிக் கைகூடல் வேண்டுமன்றோ? முன்னாளில் அது கைகூடியதற்குச் சான்றுகள் உள. கும்பகோணத்துச் சரப சாஸ்திரிகள் (1872–1904) இளமையிலேயே பார்வையை இழந்தவர். ஆயினும், புல்லாங்குழலைக் கச்சேரியில் தனித்து நிற்கத்தக்க கருவியாக உயர்த்தினார். பிரஞ்சு நாட்டு லூயி பிரெயில் 1829-ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளியெழுத்து நூல், சொற்களோடு இசையையும் எழுதும் முறையைக் கூறிற்று. அவரும் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவரே. குழலும் ஆர்கனும் கையாலும் செவியாலும் ஆளப்படுவன. இற்றைநாளிலோ இசை கணினித் திரையிற் பதிவாகின்றது. செவிக்குரிய கலை கண்ணின் காவலுக்கு உட்பட்டுவிட்டது. அதனால் நேர்ந்த இடரையும், அதனைக் கடக்கும் வழிகளையும் ஈண்டு ஆராய்வாம்.

மேல்பட்டாம்பாக்கத்தில் எம் ஆலயப் பாடகர் குழுவிற் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் கட்பார்வை இல்லாதவர். கீர்த்தனைகளுக்குப் புதிய மெட்டு அமைப்பதில் வல்லவர். ஆனால், அம்மெட்டைப் பதிவு செய்ய ஒவ்வொரு முறையும் பார்வையுடைய ஒருவரை அவர் எதிர்நோக்கி இருந்தார். வந்தவரோ காலத்தை விரைவாக்கியும் சுருதியை மாற்றியும் தம் விருப்பப்படி செய்துவிடுவார். மெட்டு அவருடையது, முடிவு பிறருடையது. இந்நிலையே இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

திரைவாசிப்பான் இயங்குமாறு

திரைவாசிப்பான் என்பது திரையிலுள்ளவற்றைப் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றித் தரும் மென்பொருள். அது படத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சிலர் கருதுவர், அஃது அன்று. ஒரு மென்பொருள் தன் பொத்தான் ஒவ்வொன்றின் பெயர், வகை, அப்போதைய நிலை ஆகிய மூன்றையும் கணினியின் இயங்குதளத்திற்கு அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பையே திரைவாசிப்பான் பெற்று உரைக்கின்றது. இசை மென்பொருள்களுட் பல, திருகிகளையும் ஒலியளவுக் கோல்களையும் வெறும் ஓவியமாகத் தீட்டிவிட்டு, அறிவிப்பை மறந்துவிடுகின்றன. அப்பொழுது திரைவாசிப்பான் வாய்திறவாது. குற்றம் வாசிப்பானதன்று, சொல்ல மறந்தவரதே.

கணினிக்குக் கணினி வேறுபாடு

ஆப்பிள் நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டு முதல் தம் கணினியிலேயே வாய்ஸ்ஓவர் என்னும் வாசிப்பானைத் தனி விலையின்றி அமைத்துள்ளனர். காரேஜ்பேண்டு, லாஜிக் புரோ என்பன அதனோடு இயைந்து செல்வன. பதிவுநிலையங்கள் பெரிதும் ஆளும் புரோ டூல்ஸும் அங்கு அதன் துணையால் ஆளப்படுகின்றது. எனினும், அக்கணினியின் விலை நம்மனோர்க்கு எளிதன்று.

விண்டோஸ் கணினியில் நெடுங்காலமாக வழங்கும் ஜாஸ் என்பது விலைக்குரியது. 2006-இல் ஆஸ்திரேலிய நாட்டு மைக்கேல் கரன் தொடங்கி, அவரைப் போன்றே பார்வையற்றவராகிய ஜேம்ஸ் டே என்பாரோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ, விலையின்றிக் கிடைப்பது. தமிழையும் பேச வல்லது. அந்த ஜேம்ஸ் டே என்பாரே ரீப்பர் என்னும் இசைப்பதிவு மென்பொருளுக்கு ஒசாரா என்னும் இணைப்பையும் ஆக்கினார். தடம் மாறினால் தடத்தின் பெயரையும், பதிவு ஏற்கும் நிலையில் உள்ளதா என்பதையும் அது உரைக்கும். ஒலியளவு வரம்பு மீறினும் அறிவிக்கும். திரையில் அலையாகத் தோன்றுவது செவியில் எண்ணாக வருகின்றது. இவ்விணைப்பு விண்டோஸ், ஆப்பிள் ஆகிய இருவகைக் கணினியிலும் இயங்கும்.

எஞ்சிய தடைகள்

முதலாவது, ஒரே செவியில் இசையும் வாசிப்பானின் பேச்சும் கலந்து வருதல். இரண்டையும் வெவ்வேறு ஒலிவாயில் விடுத்தால் குழப்பம் குறையும். இரண்டாவது, பிளகின் எனப்படும் துணைமென்பொருள்கள். தாய்மென்பொருள் பேசினும் இவை ஊமையாய் நிற்றல் உண்டு. எம் அண்ணன் விசைப்பலகை ஒன்றையே கொண்டு, என்விடிஏ, ரீப்பர் ஆகியவற்றின் துணையாற் கிறிஸ்துமஸ் பாடல்கள் நான்கைத் தாமே பதிவு செய்தார். ஐந்தாவது பாடலுக்கு வயலின் ஒலி தரும் ஒரு பிளகினைத் திறந்தார். அது ஒரு சொல்லும் பேசவில்லை. அப்பாடல் இன்றும் பாதியில் நிற்கின்றது. இத்தடை நீக்க முடியாததன்று. நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தார், தம் எஸ்-வரிசைக் கீபோர்டின் திருகியைத் தொட்ட அளவில் அதன் பெயரும் அளவும் பேச்சாய் ஒலிக்குமாறு செய்துள்ளனர். மூன்றாவது, ஏவற்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமாயிருத்தல். தமிழ் வழியிற் பயின்றார்க்கு இது மற்றொரு மதில். நல்ல தமிழ்க் கலைச்சொற்களும் பயிற்சி நூல்களும் ஆக்குதல் தமிழ் பயிலும் நம் கடனாம்.

முடிவுரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. தகவல் தொழில்நுட்பம் அவர்க்கும் எட்டுதல் வேண்டுமென அது விதிக்கின்றது. ஆயினும், சட்டம் வாயிலைக் காட்டும். திறப்பது மாந்தர் மனமே. எரிகோ வழியில் அமர்ந்திருந்த பர்திமேயுவை அழைப்பித்த நம் ஆண்டவர், அவன் குறை வெளிப்படையாகத் தெரிந்தும், அவன் வேண்டுவது யாதென்று முதலில் அவனையே வினவினார். மென்பொருள் ஆக்குவோர்க்கும் உதவி செய்வோர்க்கும் இதனினும் சிறந்த பாடம் யாதுளது? பார்வையற்றாரைக் கேளாமல் செய்யும் உதவி, அவர் மெட்டை நம் விருப்பப்படி மாற்றுதலையே ஒக்கும். ஆகவே, நண்பர்களே, அவர்களுக்காகப் பதிவு செய்து கொடுப்பதோடு நில்லாமல், அவர்கள் தாமே பதிவு செய்யும் வழியைத் திறக்கத் துணைநிற்போமாக.